முன்குறித்தலும் சுயசித்தமும்: ஒரு பழைய கிறிஸ்தவ விவாதத்துக்கு எளிய அறிமுகம்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோம் நகரில் ஒரு ஆயர், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீன் எழுதிய ஜெபவரி ஒன்றை எடுத்துச் சொன்னார். ‘நீர் கட்டளையிடுவதைச் செய்யும் வலிமையை நீரே தாரும், அதன்பின் நீர் விரும்புவது எதுவோ அதைக் கட்டளையிடும்’ என்பது அந்த வரியின் கருத்து. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பிரிட்டனிலிருந்து வந்து ரோமில் தங்கியிருந்த பெலாஜியுஸ் என்ற துறவியும் ஒருவர். அவரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்றும், பேச்சு ஏறக்குறையச் சண்டையில் போய் முடிந்தது என்றும் அகுஸ்தீனே பிற்காலத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

கோபப்படும்படி அந்த வரியில் என்ன இருக்கிறது என்று இன்று படிப்பவருக்குத் தோன்றலாம். ரோமின் வசதி படைத்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒழுக்க வாழ்வைக் கற்பித்துவந்த பெலாஜியுஸின் கண்ணுக்கு அது ஒழுக்கத்தின் வேரையே அறுக்கும் வரியாகப் பட்டது. கடவுள் ஒன்றைச் செய்யச் சொல்கிறார் என்றால், அதைச் செய்யும் ஆற்றலை மனிதனுக்கு அவர் ஏற்கெனவே கொடுத்திருக்கவேண்டும். முடியாததைச் செய்யச் சொல்லிவிட்டு, செய்யவில்லையே என்று தண்டிப்பது நீதியுள்ள கடவுளுக்கு அடுக்காது என்பது அவருடைய வாதம். அகுஸ்தீனோ, திருந்தவேண்டும் என்று விரும்பியும் பல ஆண்டுகள் திருந்த முடியாமல் தவித்தவர். தம்முடைய விருப்பமே இரண்டாகப் பிளந்து ஒன்றோடொன்று மல்லுக்கட்டியதை உள்ளிருந்து பார்த்தவர். ஆகவே கடவுளிடம் திரும்பியது தம் முயற்சியின் பலன் அன்று, திரும்பவேண்டும் என்ற ஆசையையே கடவுள்தான் தமக்குள் எழுப்பினார் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இந்த விவாதத்தை ஒரு தருக்கப் புதிராகவே பெரும்பாலான அறிமுகங்கள் எடுத்துக்காட்டுகின்றன: கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால் மனிதனுக்குச் சுதந்திரம் ஏது என்று கேட்டு, அதற்கு நான்கைந்து விடைகளை வரிசைப்படுத்துகின்றன. அந்தப் புதிர் உண்மையானதுதான். ஆனால் வரலாற்றில் மனிதர்களை உறங்கவிடாமல் செய்தது அதுவன்று என்பது என் எண்ணம். ‘நான் மீட்கப்பட்டவனா, அதை எப்படி நிச்சயமாக அறிவேன்’ என்ற ஐயத்துக்கு மருந்து தேடியே ஒவ்வொரு தரப்பும் தன் கோட்பாட்டை வகுத்தது; ஒவ்வொரு மருந்தும் பழைய ஐயத்தைத் தீர்த்து, அதன் இடத்தில் புதிய ஐயம் ஒன்றை வைத்துவிட்டுப் போனது.

முதலில் சொற்கள்

மூன்று சொற்களைப் பிரித்து அறிந்துகொண்டால் போதும். முன்னறிவு என்பது, நடக்கப்போவதைக் கடவுள் நடப்பதற்கு முன்பே அறிந்திருப்பது. முன்குறித்தல் என்பது, நடக்கவேண்டியதை, குறிப்பாக மீட்பைப் பெறப்போகிறவர்கள் யார் என்பதை, அவர் முன்பே தீர்மானித்திருப்பது. சுயசித்தம் என்பது, நன்மையையோ தீமையையோ, கடவுளை ஏற்பதையோ மறுப்பதையோ மனிதன் தானே தெரிவுசெய்யும் ஆற்றல். இவற்றோடு எப்போதும் சேர்ந்தே வரும் நான்காவது சொல், புரொட்டஸ்டன்ட் தமிழில் கிருபை என்றும் கத்தோலிக்கத் தமிழில் அருள் என்றும் வழங்கும், தகுதியைப் பார்க்காமல் கடவுள் அளிக்கும் தயவு.

முன்குறித்தல் என்றதும் நம்மில் பலருக்கு விதியும் தலையெழுத்தும் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. விதிக்கு முகம் கிடையாது. அதனிடம் மன்றாட முடியாது. பழைய கிரேக்கரின் கதைகளில் தேவர்களே அதற்குக் கட்டுப்பட்டவர்கள். கிறிஸ்தவ இறையியல் பேசும் முன்குறித்தலோ ஒருவருடைய சித்தம். தந்தை என்று அழைக்கப்படும் ஒருவர் காலத்துக்கு முன்பே செய்த தெரிவு. இந்த வேறுபாடு ஆறுதலாகத் தோன்றினாலும், சிக்கலைக் கூட்டுவதும் இதுவே. விதியிடம் ‘ஏன் என்னை விட்டுவிட்டாய்’ என்று யாரும் கேட்பதில்லை. ஒருவரிடம் அப்படிக் கேட்கத்தான் தோன்றும்.

வேதாகமத்தை எடுத்துவைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரம், கடவுள் முன்னறிந்தவர்களை முன்குறித்தார் என்கிறது. ஒன்பதாம் அதிகாரம், பிறப்பதற்கு முன்பே, நன்மை தீமை எதுவும் செய்வதற்கு முன்பே, யாக்கோபு தெரிந்துகொள்ளப்பட்டதையும், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டதையும், ஏசா ஒதுக்கப்பட்டதையும் சொல்லி, குயவனிடம் கேள்வி கேட்கக் களிமண்ணுக்கு உரிமை உண்டா என்று வினவுகிறது. மறுபக்கத்தில், உபாகமத்தின் முப்பதாம் அதிகாரத்தில் வாழ்வையும் சாவையும் முன்னே வைத்து வாழ்வைத் தெரிந்துகொள்ளும்படி மக்களிடம் சொல்லப்படுகிறது. எசேக்கியேலில் துன்மார்க்கன் சாவதில் தமக்கு விருப்பமில்லை என்று கடவுள் சொல்கிறார். எல்லா மனிதரும் மீட்கப்படவேண்டும் என்பதே அவர் விருப்பம் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம். எகிப்தின் பார்வோனைப் பற்றிய கதையில் இரண்டும் ஒரே இடத்தில் பின்னிக் கிடக்கின்றன: சில வசனங்களில் பார்வோன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்துகிறான்; வேறு சிலவற்றில் கர்த்தர் அதைக் கடினப்படுத்துகிறார். தமக்கு வசதியான பாதியை மட்டும் அடிக்கோடிட்டுப் படிப்பது இரு தரப்புக்கும் உள்ள பழக்கம்.

அகுஸ்தீன், பெலாஜியுஸ் வழக்கில் திருச்சபை அகுஸ்தீனின் பக்கம் சாய்ந்தது. 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. ஆனால் அகுஸ்தீன் சொன்ன அனைத்தையும் திருச்சபை விழுங்கிவிடவில்லை. 529-இல் இன்றைய பிரான்சிலுள்ள ஆரஞ்சு நகரில் கூடிய மன்றம், விசுவாசத்தின் முதல் அசைவுக்குக்கூடக் கிருபை முந்திவரவேண்டும் என்று ஏற்றுக்கொண்ட அதே மூச்சில், சிலர் தீமைக்கென்றே முன்குறிக்கப்பட்டவர்கள் என்று யாரேனும் சொன்னால் அதைச் சபிக்கிறோம் என்றும் அறிவித்தது. கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகள் இந்த வழக்குக்குள் அதிகம் நுழையவே இல்லை. கடவுளின் கிருபையும் மனிதனின் ஒத்துழைப்பும் சேர்ந்தே மீட்பு நிகழ்கிறது என்பது அவர்களுடைய தொன்மையான நிலைப்பாடு.

முன்பே அறிந்திருப்பது நம்மைக் கட்டுமா?

நாளை காலை நான் பொய் சொல்லப்போகிறேன் என்பது கடவுளுக்கு இன்றே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். கடவுளின் அறிவு தவறாது. அப்படியானால் நாளை உண்மையைச் சொல்ல எனக்கு வழி உண்டா? வழி இல்லை என்றால், பொய் சொன்னதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

இதற்குப் பெரிதும் புகழ்பெற்ற விடையை எழுதியவர், மரணதண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த ஒருவர். ரோமானிய அரசியல்வாதியும் தத்துவ அறிஞருமான போயெத்தியுஸ், கோத்திய மன்னன் தியோதோரிக்கின் சினத்துக்கு ஆளாகி, 524-ஐ ஒட்டிய காலத்தில் கொல்லப்பட்டார். அதற்கு முன் சிறையில் அவர் எழுதிய நூலின் கடைசிப் பகுதியில், கடவுளை நம்மைப்போலக் காலத்துக்குள் நின்று எதிர்காலத்தை எட்டிப்பார்ப்பவராகக் கற்பனை செய்வதே தவறு என்கிறார். மலையுச்சியில் நிற்பவர், அடிவாரச் சாலையில் முன்னும் பின்னுமாகச் செல்வோர் அனைவரையும் ஒரே பார்வையில் காண்பதுபோல, நேற்று, இன்று, நாளை அனைத்தும் கடவுளுக்கு ஒரே நிகழ்காலமாக நிற்கின்றன. நடப்பவனைப் பார்ப்பது அவனை நடக்கவைப்பது ஆகாது. ஆகவே அறிவது கட்டுவதாகாது.

அழகான விடைதான். ஆனால் கடவுள் வெறும் பார்வையாளர் அல்லர், உலகைப் படைத்து நடத்துபவர் என்றும் கிறிஸ்தவம் சொல்கிறதே, அப்போது பார்ப்பதோடு அவர் நின்றுவிடுகிறாரா என்ற கேள்வியை இது தொடவில்லை. அதைத் தொட்டவர், 1588-இல் லிஸ்பனில் தம் நூலை வெளியிட்ட ஸ்பானிய இயேசு சபைத் துறவி லூயிஸ் தெ மோலினா. நடக்கக்கூடியவை, நடக்கப்போகிறவை என்ற இரண்டு வகை அறிவுக்கு நடுவே மூன்றாவது ஒன்றும் கடவுளிடம் உண்டு என்றார் அவர்: இன்ன மனிதன் இன்ன சூழ்நிலையில் வைக்கப்பட்டால் தன் சுயசித்தத்தால் இன்னதைத் தெரிவுசெய்வான் என்ற அறிவு. இதை விளக்க இறையியலாளர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி முதலாம் சாமுவேல் புத்தகத்தின் 23-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கேகிலா என்னும் ஊரில் தங்கியிருந்த தாவீது, சவுல் இங்கே வருவானா, வந்தால் இந்த ஊரார் என்னை அவனிடம் ஒப்புக்கொடுப்பார்களா என்று கேட்கிறான். வருவான், ஒப்புக்கொடுப்பார்கள் என்று விடை வருகிறது. தாவீது உடனே ஊரைவிட்டுப் போய்விடுகிறான். சவுல் வரவில்லை, யாரும் யாரையும் ஒப்புக்கொடுக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றிய அறிவு இது. மோலினாவின் கருத்துப்படி, இத்தகைய அறிவைக் கொண்டே, எவருடைய சுதந்திரத்தையும் பறிக்காமல், எந்தச் சூழ்நிலைகளைப் படைப்பது என்று தெரிவுசெய்து கடவுள் உலகை நடத்துகிறார்.

தொமினிக்கன் துறவிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கடவுளின் அறிவு மனிதனின் தெரிவைச் சார்ந்து நிற்கும்படி ஆகிவிடுகிறது என்பது அவர்களுடைய குறை. போப்பாண்டவரே ஒரு குழு அமைத்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் விசாரித்தும் வழக்கு முடியவில்லை. 1607-இல் போப்பாண்டவர் ஐந்தாம் பவுல், ஒரு தரப்பார் மறுதரப்பாரைப் பேதகர், அதாவது திருச்சபையின் போதனைக்கு மாறானவர், என்று அழைக்கக்கூடாது, தீர்ப்பு உரிய காலத்தில் வரும் என்று சொல்லி இருவரையும் அனுப்பிவைத்தார். அந்தத் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. திருச்சபை வரலாற்றில் மிகவும் விவேகமான முடிவுகளில் இதையும் ஒன்றாக எண்ணுகிறேன்.

லூத்தர் ஏன் சுதந்திரத்தை வேண்டாம் என்றார்

தொடக்கத்தில் சொன்ன அந்த ஐயம் முழுதாக வெளிப்படுவது, புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தரிடம்தான். மனித நேய அறிஞர் எராஸ்முஸ் 1524-இல் சுயசித்தத்துக்கு ஆதரவாக ஒரு சிறுநூல் எழுதினார். இந்த விஷயம் வேதாகமத்தில் தெளிவாக இல்லை, ஆகவே மிதமாகப் பேசுவோம், ஆனால் மனிதனின் பங்கு சிறிதளவேனும் இருக்கிறது என்பதை ஏற்போம் என்பது அதன் தொனி. லூத்தர் அடுத்த ஆண்டே பல மடங்கு நீளமான மறுப்பு ஒன்றை வெளியிட்டார். மீட்பைப் பொறுத்தவரை மனிதச் சித்தம் கட்டுண்டு கிடக்கிறது என்பது அவர் நிலை.

அந்த நூலின் இறுதியில் அவர் சொல்லும் ஒரு கருத்து, தருக்கத்தைவிட ஆழமான இடத்திலிருந்து வருகிறது. சுயசித்தம் தமக்குக் கொடுக்கப்பட்டாலும் தாம் அதை ஏற்க விரும்பமாட்டார் என்கிறார். தம் மீட்பு தம் கையில் இருந்தால், எத்தனை செய்தாலும் ‘இது போதுமா’ என்ற கேள்வி ஓயாது. துறவு மடத்தில் பல ஆண்டுகள் அந்தக் கேள்வியோடு வாழ்ந்து தாம் பட்ட வேதனை போதும். மீட்பு முழுவதும் கடவுளின் கையில் இருப்பதால்தான் தாம் நிம்மதியாக இருக்கிறார். சுதந்திரத்தைப் பறிப்பதாக நமக்குத் தோன்றும் கோட்பாடு லூத்தருக்கு விடுதலையாக இருந்தது என்பதை உணராமல் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்து பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வில் இதற்கு விடையளித்தது. முதல் மனிதன் ஆதாமிடமிருந்து எல்லாருக்கும் வந்த ஆதிப்பாவத்தால் சுயசித்தம் பலவீனப்பட்டது, ஆனால் அழிந்துவிடவில்லை. அருள் முந்திவந்து தொடுகிறது, மனிதன் அதற்கு இசைகிறான் அல்லது மறுக்கிறான். அதே அமர்வில், தனிப்பட்ட வெளிப்பாடு ஒன்றைப் பெற்றாலொழிய, தாம் முன்குறிக்கப்பட்டவர்களில் ஒருவர் என்று இவ்வுலகில் எவரும் அறுதியிட்டுக் கூறக்கூடாது என்றும் சொல்லப்பட்டது. லூத்தரை வாட்டிய நிச்சயமின்மையை ஒரு நோயாக அன்றி, அடக்கத்தின் பகுதியாகவே திரெந்து பார்த்தது.

ஜெனீவாவின் புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வினின் பெயர் முன்குறித்தலோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலர் நித்திய வாழ்வுக்கும் மற்றவர்கள் நித்திய அழிவுக்கும் முன்பே நியமிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் தயங்காமல் எழுதினார். அந்தத் தீர்மானம் நடுங்கவைப்பது என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தப் பகுதியைத் தம் பெருநூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில் கடவுளின் இயல்பைப் பற்றிய தொடக்க அதிகாரங்களில் வைக்காமல், விசுவாசத்தையும் ஜெபத்தையும் பற்றி நீளமாக எழுதி முடித்த பிறகே வைத்தார். ஏற்கெனவே நம்பியவர் திரும்பிப் பார்த்து ‘இது எப்படி எனக்குக் கிடைத்தது’ என்று கேட்கும்போது கொடுக்கப்படும் விடை அது. மனிதன் கயிற்றில் ஆடும் பொம்மை என்றும் கால்வின் சொல்லவில்லை. பாவி தான் விரும்பித்தான் பாவம் செய்கிறான், யாரும் அவன் கையைப் பிடித்து இழுப்பதில்லை, ஆனால் வேறு எதையும் விரும்ப அவனால் முடியவில்லை என்பதே அவர் கருத்து. அமெரிக்க இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1754-இல் இதை ஒரு முழுமையான வாதமாக்கினார்: தான் விரும்புவதைத் தடையின்றிச் செய்ய முடிந்தால் அதுவே சுதந்திரம், அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி.

டோர்ட் நகரில் நடந்தது

கால்வினுக்குப் பின்வந்தவர்கள் கோட்பாட்டை இறுக்க இறுக்க, எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது. ஜெனீவாவில் கால்வினுடைய வாரிசான பேஸாவிடம் படித்த ஜேக்கபுஸ் அர்மினியுஸ், 1603-இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். யார் விசுவாசிப்பார்கள் என்பதை முன்னறிந்தே கடவுள் அவர்களைத் தெரிந்துகொண்டார் என்று அவர் கற்பித்தார். மனிதன் தன் பலத்தால் கடவுளிடம் திரும்பலாம் என்று அவர் சொன்னதாக நினைப்பது தவறு. அது பெலாஜியுஸின் கருத்து. கிருபை இல்லாமல் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தக் கிருபையை மறுக்க மனிதனால் முடியும் என்பதே அர்மினியுஸின் நிலை. அவர் 1609-இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து கூறுகள் கொண்ட மனு ஒன்றை அளித்தார்கள்.

அதை விசாரிக்க 1618 நவம்பரில், டோர்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய மாமன்றத்துக்கு இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மன் பகுதிகளிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தார்கள். முடிவு அர்மினியருக்கு எதிராகவே அமைந்தது. மனிதன் தன்னால் திரும்ப முடியாதவன். தெரிந்துகொள்ளுதல் மனிதரிடம் காணும் எந்தத் தகுதியையும் சார்ந்ததன்று. கிறிஸ்துவின் மரணம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே பலன் தரும்படி நியமிக்கப்பட்டது. அழைக்கும் கிருபை தோற்பதில்லை. உண்மையாக அழைக்கப்பட்டவர் இறுதிவரை நிலைப்பார். இன்று கால்வினியத்தின் ஐந்து கருத்துகள் என்று அழைக்கப்படுபவை இவையே. இதற்குள் நாட்டரசியலும் கலந்திருந்தது. அர்மினியரை ஆதரித்த முதுபெரும் அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட், மாமன்றம் நிறைவுறும் தறுவாயில், 1619 மே மாதம் தலைவெட்டிக் கொல்லப்பட்டார். ஆயுள் சிறைத்தண்டனை பெற்ற சட்ட அறிஞர் குரோஷியுஸ், இரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் மனைவியின் திட்டப்படி புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து கோட்டையிலிருந்து தப்பினார்; இறையியல் நூல்கள் ஒருவருக்கு நேரடியாக விடுதலை தந்த சந்தர்ப்பம் இது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் டோர்ட் தீர்மானங்களைக் கடுமையானவை என்று மட்டும் ஒதுக்குபவர்கள், அவற்றின் முதல் பகுதியிலுள்ள இரண்டு கூறுகளைப் படிப்பதில்லை. விசுவாசத்தின் உறுதியைத் தமக்குள் இன்னும் உணராதவர்கள் அஞ்சி, தம்மைக் கைவிடப்பட்டவர்களோடு எண்ணிக்கொள்ளக்கூடாது என்கிறது ஒன்று. சிசுவாக இறந்துபோகும் தம் பிள்ளைகளின் மீட்பைப் பற்றிப் பக்தியுள்ள பெற்றோர் ஐயப்படவேண்டாம் என்கிறது மற்றொன்று. பிள்ளைகள் அடிக்கடி இறந்த காலத்தில், அந்த மாமன்றத்தில் அமர்ந்திருந்த போதகர்கள் பலர் அந்தக் கேள்வியைக் கல்லறை ஓரத்தில் கேட்டிருப்பார்கள்.

இடம் மாறும் ஐயம்

‘நான் போதிய அளவு செய்தேனா’ என்ற ஐயத்தை முன்குறித்தல் கோட்பாடு தீர்த்தது உண்மை. அதன் இடத்தில் ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்களில் நான் இருக்கிறேனா’ என்ற ஐயம் வந்து அமர்ந்தது. கேம்பிரிட்ஜ் போதகர் வில்லியம் பெர்க்கின்ஸ் 1590-களில், எழுத்தறியாதவர்களும் விரலால் தொட்டுத் தொடர்ந்து போகும்படி, தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் பாதையையும் கைவிடப்பட்டவர்களின் பாதையையும் ஒரு படமாகவே வரைந்து வெளியிட்டார். அதில் கைவிடப்பட்டவர்களின் பக்கத்திலும் ‘தற்காலிக விசுவாசம்’ என்று ஒன்று இருந்தது. அதுவும் பார்வைக்கு உண்மையான விசுவாசம் போலவே இருக்கும். என்னுடையது எந்த வகை என்று ஒருவர் கேட்கத் தொடங்கினால், தன் மனத்தைத் தானே இரவும் பகலும் துருவிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கால்வினின் வழியில் இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த விரும்பிய பியூரிட்டன்களின் நாட்குறிப்புகள் நிறைய இந்தத் துருவல்தான்.

இதன் எல்லைக்கே போனவர் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் (1731–1800). இளமையிலிருந்தே கடும் மனச்சோர்வு நோயால் பீடிக்கப்பட்டு, 1763-இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மருத்துவர் ஒருவரின் இல்லத்தில் பராமரிக்கப்பட்டபோது ரோமர் நிருபத்தைப் படித்து மனம் திரும்பியவர் அவர். பிறகு ஓல்னி என்ற சிற்றூரில், அடிமை வணிகக் கப்பல்களின் முன்னாள் தலைவரும் பின்னர் போதகரானவருமான ஜான் நியூட்டனோடு சேர்ந்து பக்திப்பாடல்கள் எழுதினார். 1773-இல் நோய் மீண்டும் தாக்கிய காலத்தில், தாம் முற்றாகக் கைவிடப்பட்டுவிட்டதாக அறிவிக்கும் குரல் ஒன்றைக் கனவில் கேட்டார். அதன்பின் வாழ்நாளில் எஞ்சிய இருபத்தேழு ஆண்டுகளும் அவர் ஆலயத்துக்குள் நுழையவில்லை, ஜெபிக்கவுமில்லை என்கிறார்கள். வியப்பு என்னவென்றால், அவர் கடவுளை மறுக்கவில்லை. கிருபை என்ற போதனையையும் மறுக்கவில்லை. அது எல்லாருக்கும் பொருந்தும், தமக்கு மட்டும் பொருந்தாது என்று நம்பினார்.

கால்வினின் போதனையே கூப்பரைச் சிதைத்தது என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோய் முந்தியது, கோட்பாடு அந்த நோய்க்குப் பேசும் மொழியைக் கொடுத்தது. மேலும், கால்வினின் கணக்கின்படியே பார்த்தாலும் கூப்பரின் முடிவு தவறானது. தாம் கைவிடப்பட்டவர் என்று உயிரோடிருக்கும் எவரும் அறிய முடியாது என்பது அந்த மரபின் பொதுக் கருத்து. கடவுளின் இரகசியத் தீர்மானத்துக்குள் நேராக நுழையப் பார்ப்பவர் வெளியேற வழியில்லாத சிக்கலுக்குள் விழுவார் என்று எச்சரித்த கால்வின், கிறிஸ்துவையே கண்ணாடியாகக் கொண்டு அதில் தெரியும் அளவுக்கு மட்டும் பார்க்கச் சொன்னார். ஐயம் கலவாத உறுதியைத் தம்மால் கற்பனை செய்யவும் முடியாது என்றும் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் இந்தக் கண்ணாடியையே கோட்பாட்டின் மையமாக்கினார்: தெரிந்துகொள்ளப்பட்டவரும் கிறிஸ்துவே, மனிதருக்காக நிராகரிக்கப்பட்டவரும் கிறிஸ்துவே, ஆகவே ஒவ்வொரு மனிதனின் பெயருக்கும் எதிரே தனித்தனித் தீர்மானம் எழுதப்பட்ட பட்டியல் எதுவும் இல்லை.

அர்மினியத் தரப்பில் ஐயம் இல்லாமல் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. கிருபை எல்லாருக்கும் உரியது என்பதால் ‘என் பெயர் பட்டியலில் உண்டா’ என்ற அச்சம் அங்கே இல்லை. ஆனால் பெற்றதை இழக்க முடியும் என்பதால், ‘இறுதிவரை நிலைப்பேனா’ என்ற அச்சம் வந்தது. மெதடிச இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, முன்குறித்தலை எதிர்த்து 1739-இல் பிரிஸ்டலில் சீற்றத்தோடு பிரசங்கித்தவர். மீட்பின் நிச்சயத்தை ஒவ்வொருவரும் உள்ளத்தில் உணரலாம் என்று ஆயிரக்கணக்கானோருக்குப் போதித்தவர். அவரே 1766-இல் தம் தம்பி சார்லஸுக்கு எழுதிய அந்தரங்கக் கடிதம் ஒன்றில், தாம் கடவுளை நேசிக்கவில்லை, எப்போதுமே நேசித்ததில்லை என்று எழுதியிருக்கிறார். அதற்காகப் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. அதன்பிறகும் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

ஐயத்தை விசுவாசத்தின் எதிரியாக மட்டும் பார்ப்பவர்களுக்கு மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் இடைஞ்சலானது. நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்றும், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்றும் ஒரே மூச்சில் கதறுகிறான். இயேசு அவனிடம் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வா என்று சொல்லவில்லை, பையனைக் குணமாக்குகிறார்.

தென்னிந்தியாவில்

தமிழ் பேசும் சபைகளுக்கு இந்த வழக்கின் எல்லாக் கிளைகளும் வந்து சேர்ந்தன. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தது லூத்தரன் மிஷன். தெரிந்துகொள்ளுதலை ஏற்று, அழிவுக்கு முன்குறித்தலை மறுப்பது லூத்தரன் மரபு. இலண்டன் மிஷனும், யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனும் கால்வினின் வழியில் வந்த சபையமைப்புகளிலிருந்து புறப்பட்டவை. மெதடிஸ்டுகளோ வெஸ்லியின் வழி வந்தவர்கள். ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது கூறுகளில் பதினேழாவது, முன்குறித்தல் பக்தர்களுக்கு இனிய ஆறுதல் என்றும், வெறும் ஆர்வத்தால் அதைத் துருவுபவர்களுக்கு ஆபத்தான படுகுழி என்றும் இரண்டையும் சொல்லி வைத்திருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. ஒன்றிணைப்பின் அடிப்படையாக வேதாகமமும் அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களும் வைக்கப்பட்டன. டோர்ட் மாமன்றம் பிரித்த கேள்வியில் யார் சரி என்று தீர்த்துக்கொள்ளாமலே அவர்கள் இணைந்தார்கள்.

தமிழ்ச் சபைகளின் பாடல் புத்தகமான பாமாலையைத் திறந்தால் இந்தப் பழைய வழக்கின் இரு தரப்பாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ‘பிளவுண்ட மலையே’ என்று நாம் பாடும் பாடலின் மூலத்தை எழுதிய அகஸ்டஸ் டாப்லேடி, முன்குறித்தலை ஆதரித்து ஜான் வெஸ்லியை அச்சில் வசைபாடிய கடுமையான கால்வினியர். கிறிஸ்துமஸ் நாளில் பாடப்படும் ‘கேள், ஜென்மித்த ராயர்க்கே’ பாடலின் மூலம் ஜானின் தம்பி சார்லஸ் வெஸ்லி 1739-இல் எழுதியது; ஆனால் இன்று உலகம் அறிந்திருக்கும் அதன் ஆங்கிலத் தொடக்க வரிகள் சார்லஸ் எழுதியவை அல்ல. முன்குறித்தலைப் பற்றிய சச்சரவில் வெஸ்லி சகோதரர்களைவிட்டுப் பிரிந்துபோன ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு, 1753-இல் தம் பாடல் தொகுப்பில் அந்தப் பாடலைச் சேர்த்தபோது மாற்றி எழுதியவை அவை.